வாரத்துக்கு 3 நாள்தான் வேலை: அரசு குழந்தைகள் காப்பகத்தில் உங்கள் குழந்தைக்கு இடம் உண்டா?

பேறுகால விடுப்பு முடிந்துவிட்டது. குழந்தைக்கு 8 மாதம். ஊரிலிருந்து வந்த அம்மா அடுத்த மாதம் திரும்பிப் போகிறார். ஆபீஸில் பேசி, வாரத்துக்கு 3 நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்று ஒத்துக்கொள்ள வைத்துவிட்டீர்கள். அடுத்த கேள்வி, அந்த 3 நாளும் குழந்தை எங்கே இருக்கும்? பக்கத்திலுள்ள தனியார் டே கேரில் விசாரித்தால், 3 நாளானாலும் 6 நாளானாலும் மாதக் கட்டணம் முழுசா கட்டணும் என்கிறார்கள். பாதிச் சம்பளத்தில் முழுக் கட்டணம் கட்டினால், வேலைக்குப் போவதே எதற்கு என்று தோன்றும்.

இந்த இடத்தில்தான் பலர் கூகுளில் தேட ஆரம்பிக்கிறார்கள்: "அரசு காப்பகம் இருக்கா? பார்ட் டைம் வேலைக்குக் கிடைக்குமா?" சுருக்கமான பதில், விதிப்படி கிடைக்கும். பார்ட் டைம் என்பது இப்போது தடை இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், இரண்டு கதவுகள்

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்கள் "எங்களுக்கு வாரத்துக்கு 30 மணி நேரம் அரசு கொடுக்குது" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அங்கே அளவுகோல் வருமானம். குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேரம் உழைத்தால் என்ன கிடைக்குமோ, அவ்வளவு சம்பாதித்தால் போதும். அதனால் பார்ட் டைம் பெற்றோர் ஒரு கால்குலேட்டரில் பதிலைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தியாவில் பெற்றோர் கைக்கு அப்படி மணிக்கணக்கு எதுவும் வருவதில்லை. இங்கே இருப்பது இரண்டு கதவுகள். ஒன்று, அரசுப் பணத்தில் நடக்கும் காப்பகம். மத்திய அரசின் 'மிஷன் சக்தி'க்குள் வரும் 'பால்னா' திட்டம் அது (பால்னா என்றால் இந்தியில் தொட்டில்). இன்னொன்று, சட்டப்படி உங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டிய காப்பகம். இதில் அரசுப் பணம் கிடையாது, அரசின் கட்டாயம் மட்டும்தான். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நிறுவனத்தில் கேட்க வேண்டியதை அங்கன்வாடியில் கேட்டுவிட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள்.

கதவு 1: பழைய விதி என்ன சொன்னது?

'பால்னா'வுக்கு முன்னால் இருந்தது தேசிய குழந்தைகள் காப்பகத் திட்டம். அதன் அளவுகோலைக் கவனியுங்கள்: தாய் மாதத்துக்குக் குறைந்தது 15 நாள், அல்லது வருடத்துக்கு 6 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

இதைப் பார்ட் டைம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் வாரம் 24 மணி நேரம். மாதக் கணக்கில் சுமார் 13 நாள். 15-ஐத் தொடவில்லை. வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 4 மணி நேரம் என்றால் வாரம் 20 மணி நேரம்தான். ஆனால் மாதத்துக்கு 21, 22 நாள் வந்துவிடும், பாஸ்! அதாவது, அதிக நேரம் உழைக்கும் தாய்க்கு இடமில்லை, குறைந்த நேரம் உழைக்கும் தாய்க்கு இடமுண்டு. "வருஷம் முழுக்க வேலையில இருக்கேன், 6 மாதம் தாண்டியாச்சே" என்று முதல் தாயும் வாதாடலாம். ஆனால் அந்த 'அல்லது'வை எப்படிப் படிப்பது என்பது, எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில்.

நாட்களை எண்ணும் விதி, கூலி வேலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. வாரத்தில் சில நாள் மட்டும் முழு நேரம் உழைக்கும் ஒருவரை அது நினைத்துப் பார்க்கவே இல்லை.

இப்போதைய விதி என்ன?

2022-ல் இந்தத் திட்டம் 'மிஷன் சக்தி'க்குள் 'பால்னா' ஆனது. முக்கியமான மாற்றம் இதுதான்: தாய் வேலை பார்க்கிறாரா, எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் இப்போது நிபந்தனையே இல்லை. வேலை நிலை எதுவாக இருந்தாலும் எல்லாத் தாய்மாருக்கும் இந்த வசதி உண்டு. ஃப்ரீலான்ஸ், கான்ட்ராக்ட், வேலை தேடிக்கொண்டிருப்பவர், எல்லாருக்கும்.

குழந்தையின் வயது 6 மாதம் முதல் 6 வயது வரை. மையம் மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் இயங்க வேண்டும் என்பது விதி. இந்த ஏழரை மணி நேரத்தைக் கவனிக்கணும். காலை 9 முதல் மாலை 6 வரை ஆபீஸ், மேலே போக வர 2 மணி நேரம் என்று ஓடுபவருக்கு இது போதாது. 4 அல்லது 5 மணி நேர வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். பழைய விதியில் நழுவிப்போன பார்ட் டைம் பெற்றோருக்குத்தான் இன்றைய நேரக்கணக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. சாதாரண அங்கன்வாடியும் 'பால்னா' மையமும் ஒன்றல்ல. அங்கன்வாடியில் 3 முதல் 6 வயதுக் குழந்தைகள் சில மணி நேரம் இருப்பார்கள். 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துணவுதான், அங்கேயே விட்டுவிட்டு வரும் ஏற்பாடு இல்லை. நீங்கள் தேட வேண்டியது 'அங்கன்வாடியுடன் சேர்ந்த காப்பகம்' என்ற தனி வகையை.

அப்படியானால் தடை எங்கே?

எண்ணிக்கையில். 2025-26 வரையிலான இலக்கு, நாடு முழுக்க 17,000 அங்கன்வாடி காப்பகங்கள். நாட்டில் மொத்த அங்கன்வாடிகள் சுமார் 14 லட்சம். அதாவது இலக்கை முழுசா எட்டினாலும், 100 அங்கன்வாடிகளில் ஒன்றில்தான் காப்பகம் இருக்கும்.

இன்னொரு கணக்கு. பழைய திட்டத்தில் ஒரு மையத்துக்கு 25 குழந்தைகள். அதே அளவை வைத்தால், 17,000 மையங்களில் 4.25 லட்சம் இடங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 0-6 வயதுக் குழந்தைகள் 16 கோடிக்கும் மேல். எல்லாருக்கும் காப்பகம் தேவைப்படாதுதான். நாற்பதில் ஒரு குழந்தைக்கு மட்டும் தேவை என்று வைத்துக்கொண்டாலே 40 லட்சம் இடங்கள் வேண்டும்.

இதில் அனுமதி கிடைத்த மையம் வேறு, கதவு திறந்து குழந்தை படுத்துத் தூங்கும் மையம் வேறு. 2025-ல் 11,000-க்கும் மேற்பட்ட மையங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. செய்திகளில் வருவது பெரும்பாலும் இந்த அனுமதி எண்ணிக்கைதான். உங்கள் தெருவில் மையம் உண்டா என்பதற்கு அது பதில் ஆகாது. தவிர, இது புதிதாக முளைத்த வளர்ச்சியும் அல்ல. 2010-களின் தொடக்கத்தில் பழைய திட்டத்தில் 20,000-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் இருந்தன. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் அது 7,000-க்கும் கீழே போனது. இன்று நாம் ஏறிக்கொண்டிருப்பது, இறங்கி வந்த அதே படிகளில்.

ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? செலவை மத்திய அரசும் மாநிலமும் 60:40 என்று பகிர்கின்றன (வடகிழக்கு, இமாலய மாநிலங்களில் 90:10). மாநிலம் தன் பங்கைப் போட்டு, மையங்களுக்கு முன்மொழிவு அனுப்பினால்தான் வேலை நகரும். சில மாநிலங்கள் தனியாகவும் செய்கின்றன. கர்நாடகத்தில் 2023-ல் அறிவிக்கப்பட்ட 'கூசின மனே' ஓர் உதாரணம். ஆனால் அது கிராமப் பஞ்சாயத்துகளில், 100 நாள் வேலைக்குப் போகும் பெண்களை மனதில் வைத்து வந்தது. ஒயிட்ஃபீல்டில் வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு அது உதவாது.

கதவு 2: உங்கள் நிறுவனம்

2017-ல் பேறுகாலப் பயன் சட்டம் திருத்தப்பட்டபோது, 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி வைத்திருக்க வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது. 50 பேர் சரியாக இருந்தாலும் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, இதே கடமை சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 67-வது பிரிவுக்கு வந்துவிட்டது. எச்.ஆரிடம் பேசும்போது இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

இங்கே பார்ட் டைம்காரர்கள் கவனிக்க வேண்டியவை:

50 என்பது ஊழியர்களின் எண்ணிக்கை, பெண்களின் எண்ணிக்கை அல்ல. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 30-க்கு மேல் பெண்கள் இருந்தால்தான் காப்பகம். அந்த விதி இருந்தால், 30-வது பெண்ணோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று ஒரு முதலாளிக்குத் தோன்றும். இப்போதைய விதியில் அந்த ஓட்டை இல்லை. "நம்ம ஆபீஸ்ல பெண்களே 12 பேர்தான்" என்பது சரியான பதில் அல்ல.

முழு நேர ஊழியருக்கு மட்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. குறைந்தபட்ச மணி நேரமும் இல்லை. 2018-ல் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் தற்காலிக ஊழியர், தினக்கூலி, ஆலோசகர், ஒப்பந்த ஊழியர் எல்லாரையும் சேர்த்தே பேசுகிறது. காப்பகம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், 3 வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

ஒரு நாளைக்கு 4 முறை காப்பகத்துக்குப் போய்வர அனுமதி உண்டு. இடைவேளையும் அதற்குள் அடங்கும். ஆனால் இந்தப் பிரிவு பெண்ணை மட்டும்தான் குறிப்பிடுகிறது. குழந்தையைத் தன் ஆபீஸ் காப்பகத்தில் விடும் அப்பாவுக்கு இந்த 4 முறை எழுதி வைக்கப்படவில்லை. நம் வீட்டு வேலைப் பங்கீட்டைச் சட்டமும் அப்படியே பிரதி எடுத்திருக்கிறது. 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம்.

கட்டணத்தை யார் கொடுப்பது என்று 67-வது பிரிவு சொல்லவில்லை. வசதி இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் "டை-அப் இருக்கு" என்று எச்.ஆர். சொன்னால், பணம் முழுக்க நிறுவனம் கட்டுகிறதா, பாதியா, வெறும் தள்ளுபடியா என்று கேட்டுவிடுங்கள்.

ஃப்ரீலான்ஸர், டெலிவரி, ஆப் வழியாக வேலை பார்ப்பவர்?

67-வது பிரிவு 'ஊழியர்'களுக்கானது. கிக் தொழிலாளர்களுக்கு அதே தொகுப்பின் 114-வது பிரிவு தனியாக இருக்கிறது. ஆயுள் காப்பீடு, மருத்துவம், பேறுகாலம் என்ற பட்டியலில் குழந்தைகள் காப்பகமும் இருக்கிறது. ஆனால் மத்திய அரசு இதற்குத் திட்டங்களை 'வகுக்கலாம்' என்பதுதான் வாசகம், 'வகுக்க வேண்டும்' என்பதல்ல. ஆகவே இப்போதைக்கு இவர்களுக்குத் தட்டுவதற்கு இருக்கும் கதவு 'பால்னா'தான்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

1. உங்கள் வட்டாரத்தின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அதாவது சி.டி.பி.ஓ. அலுவலகத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தப் பகுதியில் இயங்கிக்கொண்டிருக்கும் பால்னா காப்பகம் எது?" 'அனுமதி கிடைத்திருக்கிறது' என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். முகவரி வாங்குங்கள், நேரில் போய்ப் பாருங்கள்.

2. வேலைச் சான்றிதழ் கேட்டால், வேலை நிலை நிபந்தனை இல்லை என்பதைப் பணிவாக நினைவூட்டுங்கள். கேட்பவர் பழைய 15 நாள் விதியை நினைத்துக்கொண்டிருக்கலாம்.

3. நீங்கள் 2017-க்குப் பிறகு, 2025 நவம்பருக்கு முன் வேலையில் சேர்ந்தவரா? சேரும்போதே பேறுகாலப் பயன்களை எழுத்திலும் மின்னஞ்சலிலும் தெரிவிக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். பழைய மெயிலைத் தேடுங்கள். காப்பகம் பற்றி ஒரு வரி இருந்தால், எச்.ஆரிடம் பேச அதுவே போதும்.

4. பார்ட் டைம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே காப்பக வசதி தொடருமா என்று மெயிலில் கேளுங்கள். போனில் வேண்டாம். சம்பளத்தைப் பாதியாக்கும்போது காப்பகத்தையும் சேர்த்துப் பாதியாக்க முடியாது என்பதை அப்போதே தெளிவாக்கிவிடலாம்.

5. சென்டருக்குப் போகும்போது ஒன்றைப் பாருங்கள்: ஆயா எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், தூங்க இடம் இருக்கிறதா. தகுதி கிடைத்தாலும் குழந்தையை மனநிம்மதியோடு விட முடியணும்.

கடைசியாக ஒரு பார்ட் டைம் பெற்றோர்

இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டுக்கு, காலையில் ஒருவர் வந்து 2 மணி நேரம் பாத்திரம் கழுவி, வீடு பெருக்கிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அடுத்த அபார்ட்மென்ட், அதற்கும் அடுத்தது. அவரும் பார்ட் டைம்தான், நான்கைந்து இடங்களில். எந்த வீட்டிலும் 50 ஊழியர்கள் இல்லை. எனவே 67-வது பிரிவு அவருக்குக் கிடையாது. பேசிப் பார்க்க எச்.ஆரும் இல்லை. அவர் குழந்தை மூத்த அக்காவிடம் இருக்கிறது, அந்த அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாட்களில்.

'பால்னா' விதி மாறியதில் அதிகம் பயன்பெற வேண்டியவர் அவர்தான். வேலைச் சான்றிதழ் தர யாரும் இல்லாதவருக்கு, சான்றிதழே வேண்டாம் என்ற விதி பெரிய விஷயம். அதனால் சி.டி.பி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் அந்த முகவரியை அவரிடமும் சொல்லிவிடுங்கள். அங்கே மையமே இல்லை என்றால், வார்டு உறுப்பினரிடம் கொடுக்கும் மனுவில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம்.