ஆறு நாள் சிருஷ்டியும் நூறு டாலர் அபராதமும்

உலகம் எப்படி உண்டாயிற்று என்று கேட்டால் கிறிஸ்தவர்கள் பைபிளின் முதற் புஸ்தகமாகிய ஆதியாகமத்தைக் காட்டுகிறார்கள். அதன்படி கடவுள் ஆறே நாளில் சகலத்தையும் செய்து முடித்து, ஏழாம் நாள் ஓய்ந்திருந்தாராம். சர்வ வல்லமையுள்ளவருக்கு ஓய்வு எதற்கு என்பது கிடக்கட்டும். கணக்கை மாத்திரம் பார்ப்போம்.

முதல் நாளே மாலையும் காலையும் வந்துவிட்டன. மூன்றாம் நாள் புல் பூண்டும் கனி மரங்களும் முளைத்தன. சூரியனோ நான்காம் நாள்தான் உண்டாக்கப்பட்டது! சூரியனில்லாமல் மூன்று நாள் பொழுது விடிந்ததெப்படி? அதுவும் போகட்டும். முதல் அத்தியாயத்தில் மிருகங்களுக்குப் பின் ஆணும் பெண்ணுமாக மனிதர் வருகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் முதலில் ஆண், பிறகு மிருகங்கள், கடைசியில் அவன் விலா எலும்பிலிருந்து பெண். கோர்ட்டில் ஒரே சாட்சி இப்படி இரண்டு விதமாய்ச் சொன்னால் எந்த முன்சீப்பாவது நம்புவாரா?

அயர்லாந்தின் ஆர்ச்பிஷப் ஜேம்ஸ் அஷர் என்பவர், வேதத்திலுள்ள வம்சாவளிகளைக் கூட்டி, உலகம் பிறந்தது கி.மு. 4004 என்று 1650-ல் எழுதி வைத்தார். விண்கல்லிலுள்ள ஈயத்தைச் சோதித்த கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, பூமியின் வயது சுமார் 455 கோடி வருஷம் என்று 1956-ல் காட்டினார். முன்னவர் படித்தது புஸ்தகத்தை. பின்னவர் படித்தது கல்லை. கல் பொய் சொல்லுவதில்லை.

“யாரோ நம்பிவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். நம்பிக்கை வீட்டோடு நின்றால் நாமும் சும்மாயிருப்போம். அது சட்டமாகிப் பள்ளிக்கூடத்துக்குள் அல்லவா நுழைந்தது! அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தில், மனிதன் கீழான பிராணிகளிலிருந்து வந்தவன் என்று போதிப்பது குற்றமென்று 1925-ல் சட்டம் செய்தார்கள். அவ்வருஷமே ஜான் ஸ்கோப்ஸ் என்ற உபாத்தியாயருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அவ்வழக்கில் வேதத்துக்காக வாதாடிய பிரையனை, எதிர்த்தரப்பு வக்கீல் டாரோ கூண்டிலேற்றிக் கேட்டபோது, சிருஷ்டியின் நாள் 24 மணி நேரமாயிருக்க வேண்டியதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் ‘நாள்’ என்பதற்கு வேறு பொருள் கொடுத்தது யார்? மனித புத்திதானே! அபராதம் 1927-ல் ஒரு சட்ட நுணுக்கத்தால் தள்ளுபடியாயிற்று. ஆனால் அச்சட்டம் 1967 வரையில் உயிரோடிருந்தது.

எல்லாக் கிறிஸ்தவரும் இப்படியே என்று நாம் சொல்லவில்லை. பரிணாமக் கொள்கை வெறும் ஊகமல்லவென்று போப் இரண்டாம் ஜான்பாலே 1996-ல் சொன்னார். டார்வின் புஸ்தகம் வெளிவந்தது 1859-ல். இதைச் சொல்ல 137 வருஷம் வேண்டியிருந்தது!

இதில் பெரிய அக்கிரமம் வேறொன்று. ஆதாம் முந்திப் படைக்கப்பட்டானாம். ஆகவே பெண் உபதேசிக்கக் கூடாதென்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் சொல்லுகிறது. பெண்ணைக் குருவாக்க மறுக்கும் சபையார் இன்றும் இதையே காட்டுகிறார்கள். ஒரு விலா எலும்புக் கதை மனித சமூகத்தில் பாதிப் பேரின் வாயை அடைத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு நம் வைதிகர்கள் சிரிக்க வேண்டியதில்லை. பிரம்மாவின் முகத்திலும் காலிலும் ஜாதிகளைப் பிறப்பித்தவர்களுக்கு விலா எலும்பைப் பரிகசிக்க என்ன யோக்கியதை இருக்கிறது? எங்கே சிருஷ்டிக் கதை கேட்டாலும், “இதனால் யார் மேலானார், யார் கீழானார்?” என்று முதலில் கேளுங்கள் தோழர்களே! கதை எதற்காகக் கட்டப்பட்டதென்பது உடனே விளங்கிவிடும்.