கோட் எழுதப் பழக்குகிறோம், வாசிக்கப் பழக்குகிறோமா?



ஓஎல் பரீட்சை முடிந்த கையோடு பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சேர், பிள்ளையை எந்த கோடிங் வகுப்புக்கு அனுப்பலாம்?" நல்ல கேள்விதான். ஆனால் நம்மூர்ப் பக்கம் நடக்கிற அந்த வகுப்புகளைப் பார்த்தால் எல்லாமே எழுதப் பழக்குகிற வகுப்புகள். இன்று ஒரு பிள்ளை ஏஐயிடம் இரண்டு வரி கேட்டால் இருநூறு வரி கோட் வந்து விழுகிறது. அதை வாசித்து, "இது சரியா? இதனால் யாருக்காவது பாதிப்பு வருமா?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளையைத்தான் காணவில்லை. மற்றவர் எழுதியதை வாசித்து மதிப்பிடுகிற வேலைக்கு ரிவியூ என்று பெயர். அது எவ்வளவு பாரமான வேலை என்று காட்ட ஒரு உண்மை விஷயத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் தொழினுட்பம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொவிட் காலத்து இணைய வகுப்புகள் ஞாபகம் இருக்கும். கையில் 2 ஜீபி ரேம் உள்ள போன். பாடம் நடக்கும்போது பிள்ளை வேறொரு செயலியைத் திறந்துவிட்டுத் திரும்பினால் வகுப்பு மூடியிருக்கும். சிக்னலை ஏசினோம். பல நேரம் குறை சிக்னலில் இல்லை. ரேம் நிறைந்துவிட்டது, எதையாவது வெளியேற்றியாக வேண்டும், போன் வகுப்பை வெளியேற்றிவிட்டது. ரேமைப் பங்கிடுகிற பொறுப்பு பணிசெயல் முறைமையின் அடியில் இருக்கிற கேர்னலுக்கு. அன்ட்ரொய்ட் போன்களின் அடியில் இருப்பது லினக்ஸ் கேர்னல். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுத்த பிள்ளைகளுக்கு இது பாடத்திலேயே வந்த விஷயம்.

கேர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் பொதுவாக 4 கிலோபைட். இடம் போதாமல் போனால் எந்தப் பக்கத்தை வெளியே தள்ளுவது? கடைசியாகப் பாவித்து அதிக நேரமானதைத் தள்ளு என்பது பொது விதி. இதற்குப் பழைய முறையில் இரண்டு பட்டியல்கள்: பாவனையில் உள்ளவை, பாவனை குறைந்தவை. அலுமாரியில் இரண்டே தட்டு மாதிரி. இன்று உடுத்ததும் போன பெருநாளைக்கு உடுத்ததும் சில வேளை ஒரே தட்டில் கிடக்கும். அதோடு ஒவ்வொரு பக்கத்தையும் யார் பாவிக்கிறார் என்று பின்னோக்கித் தேடிப் போவதிலேயே புரொசஸரின் நேரம் கரைந்தது. தவறான பக்கத்தைத் தள்ளிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், போன் தடுமாறும், கடைசியில் செயலியே கொல்லப்படும்.

2021 மார்ச்சில் கூகுளைச் சேர்ந்த யூ ஜாவோ இதற்கு ஒரு மாற்றத்தை முன்வைத்தார். இரண்டு தட்டுக்குப் பதிலாகப் பல தலைமுறைகள், தேடுகிற முறையும் புதிது. கூகுள் தன் சாதனங்களில் பார்த்த கணக்கையும் தந்தார்கள்: நினைவகத்தைத் துப்புரவாக்கும் வேலைக்குச் செலவாகும் புரொசஸர் நேரம் 40% குறைவு, செயலிகள் தொடங்க எடுக்கும் நேரம் நடுத்தர நிலையில் 18% குறைவு.

இவ்வளவு பெரிய கம்பனி, இவ்வளவு நல்ல கணக்கு. நம்மூர்க் கூட்டமாக இருந்தால் "அல்ஹம்துலில்லாஹ், நிறைவேற்றுவோம்" என்று கை உயர்த்திவிட்டு தேநீருக்கு எழும்பியிருப்போம். அங்கே அது நடக்கவில்லை. சிறு துண்டுகளாகப் பிரித்துத் தாருங்கள், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று விளக்கம் எழுதுங்கள், வேறு வகை வேலைகளிலும் சோதித்துக் காட்டுங்கள் என்றார்கள். காரணம் இருக்கிறது. அதே கேர்னல்தான் போனிலும் ஓடுகிறது, வங்கியின் சேர்வரிலும் ஓடுகிறது. போனுக்கு இலாபமாக வருவது எங்கோ ஒரு தரவுத்தளத்துக்கு நட்டமாகப் போகலாம். பங்கிடுகிற விதியை மாற்றினால் யாரோ ஒருவருடைய பங்கில் கை வைக்கப்படும் என்ற பயம் அந்த வாசிப்பாளர்களிடம் இருந்தது. தரவுத்தளங்களிலும் சோதித்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட தடவை திருத்தித் திருத்தி அனுப்பி, 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில்தான் அது சேர்ந்தது. அப்போதும் பழைய முறையைத் தூக்கி எறியவில்லை. வேண்டியவர் புதியதை இயக்கிப் பார்க்கலாம், சரிவராவிட்டால் நிறுத்திவிடலாம் என்று வைத்தார்கள். (உங்கள் பழைய போனில் இது இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பல போன்கள் வாங்கிய நாளில் இருந்த கேர்னலோடேயே காலத்தை முடித்துக்கொள்கின்றன.)

எனக்குப் பிடித்த இன்னொன்று, பெயர் போடுகிற முறை. 2004 முதல் எழுதியவர் தன் பெயரை ஒப்பமிட்டுத் தருகிறார். அதை வாங்கி மேலே கொடுப்பவர் அதற்குக் கீழே தன் பெயரைப் போடுகிறார். மாற்றம் எந்தக் கைகளின் வழியாக வந்தது என்று பிறகு யாரும் பார்க்கலாம். வாசித்தவர், சோதித்தவர், பிழையைக் கண்டு சொன்னவர் என்று அவரவருக்கும் தனித்தனி வரி. ஸனத் என்ற சொல்லை அறிந்த நமக்கு இதை விளங்குவது லேசு. ஹதீஸ் கலையின் அந்தஸ்து வேறு, அதோடு இதைச் சமப்படுத்துவதாக யாரும் கொமெண்டில் வந்து சண்டை பிடிக்க வேண்டாம். "யார் சொன்னது, யாரிடமிருந்து வந்தது" என்று கேட்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

இப்படி வாசித்தால் பிழையே வராதா? வரும். நினைவகப் பகுதியிலேயே 'டேர்ட்டி கவ்' என்ற ஓட்டை 2007 பதிப்பிலிருந்து 2016 வரை கிடந்தது. சாதாரண பாவனையாளர் ஒருவர் முழுக் கணினியின் அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓட்டை. ஒன்பது வருடம் எத்தனையோ கண்கள் அதைக் கடந்து போயின. சரிசெய்த லினஸ் டோர்வால்ட்ஸ், இதே பிழையைத் தான் 11 வருடத்துக்கு முன் திருத்தப் பார்த்ததையும், அதைச் சரியாகச் செய்யாததையும் திருத்தக் குறிப்பிலேயே எழுதி வைத்தார். 2021இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பிழையுள்ள மாற்றங்களை அனுப்பி வாசிப்பாளர்களைச் சோதித்தது வெளிவந்தபோது, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து முன்பு வந்த நூற்றுக்கணக்கான மாற்றங்களைத் திரும்ப உட்கார்ந்து வாசிக்க வேண்டியதாயிற்று. அமானிதம் உடைந்தால் யாருடைய நேரம் போகிறது பாருங்கள்.

அந்த உலகத்தை நான் வெள்ளையடிக்கவும் இல்லை. கொன் கோலிவாஸ் என்று ஒருவர், அவுஸ்திரேலியாவில் மயக்க மருந்து வைத்தியர். சாதாரண வீட்டுக் கணினி திணறாமல் ஓட வேண்டும் என்று புரொசஸர் நேரத்தை நியாயமாகப் பங்கிடும் முறையொன்றை எழுதினார். 2007இல் ஏற்கப்பட்டது இங்கோ மோல்னார் எழுதிய வேறொரு முறை. மோல்னார் கோலிவாஸின் வேலைக்கு நன்றி சொல்லியிருந்தார், ஆனால் கோலிவாஸ் மனம் வெறுத்து ஒதுங்கினார். டோர்வால்ட்ஸின் கடும் வாய்க்கும் பெயர் உண்டு, 2018இல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு சில வாரம் விலகியும் இருந்தார். கோட்டைக் கிழிக்கலாம், ஆளைக் கிழிக்கக் கூடாது. இந்த அதபைப் பழக்குவதற்குப் பாடசாலையை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

செலவில்லாத வேலை இது. ஆய்வுகூடத்தில் பத்துக் கணினி பழுதாகக் கிடந்தாலும் செய்யலாம். ஒரு பிள்ளையின் புரோகிராமை பிரிண்ட் எடுத்து இன்னொரு பிள்ளையிடம் கொடுங்கள். மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: இது என்ன செய்கிறது? எந்த உள்ளீட்டுக்கு உடையும்? பழைய கணினி வைத்திருக்கிறவருக்கு இதனால் என்னவாகும்? கீழே பெயரும் கையொப்பமும். ஏஐ எழுதித் தந்த கோட் என்றாலும் பரவாயில்லை, வாசித்தவர் பெயர் இருக்க வேண்டும். பெற்றோரே, காசு கட்டுவதற்கு முன் கோடிங் வகுப்புக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "மற்றப் பிள்ளை எழுதினதை என்ட பிள்ளை எத்தனை நாள் வாசிக்கும்?"

தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்கள் யாராவது இதை வகுப்பில் செய்து பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். எந்தத் தரத்தில், எத்தனை பிள்ளைகள், எங்கே சிக்கியது என்று விபரமாக எழுதினால் நல்லது.