பிளாஸ்திரியைப் பிரித்துப் பாருங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து எங்களிடம் வரும் தோல் தொழிலாளர் பலரின் விரல்களில் பிளாஸ்திரியைக் காண்கிறோம். தோல் வெட்டும் கத்தியும் காலணி தைக்கும் ஊசியும் சிறு காயம் ஏற்படுத்துவது இயல்பே. அதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால், பிளாஸ்திரி ஒட்டியவுடன் காயம் ஆறிவிட்டதாகக் கருதும் பழக்கம் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதலில் கைகளைக் கழுவிவிட்டு, காயத்தை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். தூய துணியால் பத்து நிமிடம் இடைவிடாது அழுத்திப் பிடித்தால் இரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். பின்னர் பிளாஸ்திரியை ஒட்டுங்கள். விரலைச் சுற்றி இறுக்க வேண்டாம். நாள்தோறும் ஒருமுறையும், நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள். காயத்தைத் திறந்துவைத்துக் காயவிட வேண்டும் என்பது பழைய எண்ணம். சற்று ஈரப்பதத்துடன் மூடிவைத்த காயம் விரைவில் ஆறுகிறது என்பதை ஜார்ஜ் விண்டர் 1962இலேயே ஆய்வில் காட்டினார்.

வலி இல்லாத காயத்தைப் பற்றியே எங்களுக்குப் பெருங்கவலை. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதைக் கண்டறிந்தார். நரம்புகள் உணர்விழந்ததால், சூடும் வெட்டும் உராய்வும் அவர்களுக்கு வலிக்கவில்லை. கவனிக்கப்படாத அக்காயங்களே விரல்களை அழித்தன.

இன்று அதே பாடத்தை நீரிழிவு நமக்குக் கற்பிக்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவரின் பாதம் மரத்துப்போகிறது. செருப்புக் கடித்த புண்ணின் மேல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, வலி இல்லாததால் பல நாள் அப்படியே விடுகின்றனர். சீழ் எலும்புவரை பரவிய பின் வருவோரின் விரலையோ காலையோ காப்பது கடினமாகிறது. ஆகவே, நீரிழிவு உள்ளவரின் காலில் ஏற்படும் எந்தக் காயமும் சிறு காயம் அன்று. அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோல் பதனிடும் தொட்டியின் சுண்ணாம்போ இரசாயனமோ பட்ட இடத்திலும் பிளாஸ்திரி ஒட்ட வேண்டாம். குறைந்தது இருபது நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். ஆழமான வெட்டு, ஆணி குத்து, விலங்குக் கடி, பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல் ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது. அழுக்கான காயம் ஏற்பட்டு, இறுதியாக இசிவுநோய்த் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால், மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். முதியவர்களால் தம் உள்ளங்காலைக் குனிந்து பார்க்க இயலாது. இரவு உறங்குமுன் நீங்கள் அவர்கள் பாதங்களை விளக்கொளியில் பாருங்கள். பிளாஸ்திரி இருந்தால் பிரித்துப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அது ஒரு காலையே காப்பாற்றக்கூடும்.