விரல் போனால் "வீட்ல வெட்டிக்கிட்டேன்"னு சொல்லாதீங்க!

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கறிக்கடைப் பக்கம் போய்ப் பாருங்க. முன்பு கட்டையும் கத்தியும் மட்டும் இருந்த கடைகளில் இப்போது எலும்பு அறுக்கிற மிஷினும் கொத்துக்கறி மிஷினும் ஓடுது. "சீக்கிரம் போடுங்கண்ணே" என்று நாமும்தான் அவசரப்படுத்துறோம். ஈரக் கை, வழுக்குற கறி, மூடி இல்லாத பிளேடு. ஒரு நொடி அசந்தால் விரல் போச்சு.

அதற்கப்புறம் நடக்கிறதைத்தான் பேச வேண்டியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே தொழிலாளி காதில் சொல்வாங்க: "வீட்ல வெட்டிக்கிட்டேன்னு சொல்லிடு, செலவை நான் பாத்துக்கிறேன்." அவரும் நம்பிச் சொல்லிடுவார். முதல் வாரம் மருந்துச் செலவு வரும். அடுத்த மாதம் அவர் இடத்தில் வேற ஆள் நிற்பார். அப்போது போய் நியாயம் கேட்டால், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் 'வீட்டில்' என்று இருக்கும்.

மில்லுக்குப் போகிறவருக்கு இஎஸ்ஐ இருந்தால், வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மூணு பேர் வேலை செய்யும் கறிக்கடையில் இஎஸ்ஐ கிடையாது. அதனால் உரிமையே இல்லை என்று ஆகிவிடாது! மின்சார மிஷின் ஓடும் சின்னக் கடைத் தொழிலாளிக்கும் 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் பாதுகாப்பு கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனாலும் வேலையில் விபத்து நடந்தால் முதலாளி பொறுப்பு என்பது மாறவில்லை.

கணக்கைப் பாருங்க. வயது 30, மாதச் சம்பளம் 13,000 ரூபாய். கட்டைவிரல் முழுசா போனால் 30 சதவீத இழப்பு என்கிறது சட்டம். சம்பளத்தில் 60 சதவீதம் 7,800. அதை அந்த வயதுக்குரிய 207.98-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் சுமார் 4 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய். ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம். சிகிச்சைச் செலவு தனி. ஐயாயிரத்தைக் கையில் திணித்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினாலும் இந்த உரிமை செத்துப்போகாது.

"உன் கவனக்குறைவுதானே?" என்பார்கள். குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவை வேணும்னே மீறியிருந்தாலோ, பாதுகாப்பு மூடியை வேணும்னே கழற்றியிருந்தாலோதான் அந்தப் பேச்சுக்கே இடம். கவனம் தப்பியது இழப்பீட்டை மறுக்கக் காரணம் ஆகாது.

அதனால் மறக்காமல் செய்யுங்க:

👉 டாக்டரிடம் கடை, மிஷின், நேரம் எல்லாத்தையும் உள்ளபடி சொல்லுங்க. விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கி வைங்க.
👉 மிஷினைப் போட்டோ எடுங்க. கூட வேலை பார்த்தவர் பெயரைக் குறிச்சுக்குங்க.
👉 சம்பளம் வந்த ஜிபே கணக்கை அழிக்காதீங்க. அந்தக் கடையில் வேலை பார்த்ததற்கு அது சாட்சி.
👉 முதலாளிக்கு எழுத்தில் தெரிவிங்க. இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் துறையில் மனுப் போடுங்க.

சின்னக் கடை முதலாளியும் கஷ்டப்படுறவர்தான், மறுக்கவில்லை. அதற்குத்தான் காப்பீடு. பொதுத்துறை நிறுவனங்களிலேயே இதற்குப் பாலிசி இருக்கு. வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் ஒரே விபத்தில் கடையும் மூழ்காது, தொழிலாளி குடும்பமும் மூழ்காது.

ஒன்றிய அரசு என்ன செய்திருக்கு? மின்சாரம் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது 1948 சட்டம். புதிய தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. கறிக்கடை அப்பவும் வெளியே, இப்பவும் வெளியே. இப்போது சின்னப் பட்டறைகளையும் வெளியே தள்ளியிருக்காங்க!

நம் கோரிக்கை எளிமையானது. இரண்டு நகராட்சிகளும் கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மூன்றைப் பார்க்கட்டும்: பிளேடுக்கு மூடி, கறியைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ளும் வசதி, தொழிலாளிக்குக் காப்பீடு. மூன்றும் இருந்தால்தான் உரிமம்.

அடுத்த ஞாயிறு கறி வாங்கப் போகும்போது, வெட்டிக் கொடுக்கும் அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்க. இழப்பீடு யாரும் போடும் பிச்சை இல்லை தோழர்களே, அது அவர் கைக்குரிய கணக்கு.

பகிருங்கள்!

#கைக்குக்_கணக்கு_கேட்போம்