கூரைக் கால்வாய் தூர்ந்தால் குற்றவாளி யார்?

"மழைக்காலத்தில் கூரை ஒழுகத்தான் செய்யும்!" இந்தப் பதிலைத் தோட்டத் தொழிலாளர்களாகிய நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறோம். தகரக் கூரை லயங்களில் நம் பாட்டன் கேட்டான், தகப்பன் கேட்டான். இன்று துவாசில் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். மழை பெய்வது இயற்கையின் செயல். கூரை ஒழுகுவது நிர்வாகத்தின் செயல். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் இத்தனை காலமும் நம் வாயை அடைத்தார்கள்.

தோட்டத் தொழிலாளர் ஏட்டில் துவாசுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஜொகூர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. பல வீடமைப்பு நிலங்களாயின. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தார்கள். 1998இல் திறந்த இரண்டாம் இணைப்புப் பாலத்தைத் தாண்டியதும் அவர்கள் கால் வைக்கும் மண் துவாஸ். தமிழகத்திலிருந்து வந்த நம் சகோதரர்களோ அங்கேயே விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். தொழிற்சாலையோடு ஒட்டிய விடுதிகளிலும் பலர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அவர்கள் கூடும்போது பேசும் குறைகளும், லயத்து வாசலில் நாம் பேசிய குறைகளும் ஒரே குறைகள்தாம்.

அந்தக் குறைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரையின் விளிம்பில் மழைநீரை ஏந்தி, கீழ்க்குழாய்க்கு அனுப்பும் தகரக் கால்வாய் இருக்கிறதே, அது! "இது ஒரு விஷயமா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர மீட்டர் தொழிற்சாலைக் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 50,000 லிட்டர்! சிங்கப்பூர் மழைக்கு இது அதிசயமான அளவன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ராக் காற்றும் மழையும் தீவின் மேற்குப் பக்கத்தைத்தான் முதலில் அறைகின்றன. துவாஸ் அந்த மேற்கின் கடைக்கோடி. அவ்வளவு தண்ணீரும் அந்தத் தகரக் கால்வாய் வழியேதான் இறங்க வேண்டும். குழாய் வாயில் ஒரு கைப்பிடிச் சருகு அடைத்தால் போதும். தண்ணீர் திரும்பிச் சுவருக்குள் இறங்கும். இரண்டு கூரைச் சரிவுகளுக்கு நடுவே ஓடும் கால்வாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அது படுத்துறங்கும் கட்டிலின் மேலேயே கொட்டும்.

பால்மரத்தில் கோடு போட்ட கைகளுக்கு இந்தச் சூத்திரத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டின் சரிவு தவறினால் பால் மங்குக்கு வராமல் பட்டையில் வழிந்து வீணாகும். கால்வாயும் அப்படித்தான். பத்தடிக்குக் கால் அங்குலமாவது சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாது, தேங்கும். தேங்கினால் தகரம் துருப்பிடிக்கும். அதிலும் துவாஸ் கடலோரம். உப்புக் காற்று ஒரு பக்கம், தொழிற்சாலைத் தூசி மறுபக்கம். தகரத்தின் ஆயுள் அங்கே வேகமாகத் தேய்கிறது.

கால்வாய் சொல்லாமல் கெடுவதில்லை. பல நாள் முன்பே அறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் கெடுகிறது. அந்த அறிவிப்புகள் இவை:

1. மழையின்போது குழாய் வழியே இறங்காமல் கால்வாயின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் திரைபோல் கொட்டுதல்.
2. மழை நின்று வெகுநேரம் ஆன பிறகும் இணைப்புகளில் சொட்டுதல். அங்கே துருக் கறை கோடாய் இறங்குதல்.
3. கால்வாய் நடுவில் தொய்தல்; தாங்கிகள் கழன்று சுவரைவிட்டு விலகுதல்.
4. கூரை விளிம்புப் பலகை கறுத்து உளுத்துப்போதல்.
5. சுவரில் பச்சைப் பாசி. உள்பக்கம் சுண்ணாம்பும் சாயமும் உப்பி உரிதல்.
6. சுவரோரத்து மண் அரித்துப் பள்ளமாதல்.
7. கால்வாயிலேயே புல்லும் செடியும் முளைத்தல். செடி முளைக்கிறதென்றால் அங்கே மண் சேர்ந்து பல மாதம் ஆகிவிட்டது என்று பொருள்!

இவற்றைத் தடுக்கப் பெரிய பொறியியல் ஞானம் வேண்டுமா? வேண்டாம். பருவமழைக்கு முன்னும் பின்னும் சருகை வார வேண்டும். குழாய் வாயில் கம்பிவலைக் கூடை வைக்க வேண்டும். கூரைமேல் சாயும் கிளையை வெட்ட வேண்டும். மூன்றடிக்கு ஒரு தாங்கி இருக்க வேண்டும். தண்ணீரை ஊற்றி ஓட்டம் பார்க்க வேண்டும். பொத்தலான துண்டை மாற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு, உளுத்த கூரையை மாற்றும் செலவில் எத்தனையில் ஒரு பங்கு? லாபக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு இந்தக் கணக்கு மட்டும் ஏன் வரவில்லை?

வராததற்குக் காரணம் உண்டு. ஒழுகும் கூரையின் கீழே படுப்பவர் அவர்கள் அல்லர்!

சுவர் நனைவதோடு தீமை முடிவதில்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏழு நாளிலிருந்து பத்து நாள் போதும். மரத்துக்கு ஓய்வு கொடுக்கும் காலத்தில் மங்குகளைக் கவிழ்த்து வை என்று தோட்டத்தில் நமக்கு உத்தரவு போட்டார்கள், சரியான உத்தரவுதான். தூர்ந்த கூரைக் கால்வாய் என்பது யாரும் கவிழ்க்க முடியாத மங்கு! சிங்கப்பூர்ச் சுற்றுப்புற வாரியமே கொசு ஒழிப்புக்கு மக்களிடம் சொல்லும் ஐந்து காரியங்களில் ஒன்று, கூரைக் கால்வாயை அடைப்பின்றி வைத்து, பி.டி.ஐ. என்னும் புழுக்கொல்லி மருந்து இடு என்பது. 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது. அதுவரை எந்த ஆண்டும் காணாத தொகை அது. அதே ஆண்டில்தான் கோவிட் நோயால் தொழிலாளர் விடுதிகள் பூட்டிக் கிடந்தன. 2016 ஆகஸ்டில் சிங்கப்பூரில் ஸிக்கா பரவியபோது முதலில் அறிவிக்கப்பட்ட 41 பேரில் 36 பேர் வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள். கொசுவுக்கு முதலாளி தொழிலாளி பேதம் தெரியாது; ஆனால் அது வளரும் இடத்துக்கு அருகில் யார் உறங்குகிறார் என்பதில் பேதம் இருக்கிறது.

தேங்கிய நீரை வடித்தால் நோய் குறையும் என்பது நேற்றுக் கண்ட உண்மையா? 1901ஆம் ஆண்டிலேயே கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பழகிய பாடத்தை இன்னும் படிக்காதவர்கள் உண்டென்றால் அது அறியாமையன்று, அலட்சியம்!

"குடியிருப்பவர்களே குப்பை போட்டு அடைக்கிறார்கள்" என்று பழி சொல்வோரும் உண்டு. முப்பதடி உயரத்துக் கூரையில் ஏறிக் குப்பை கொட்ட எந்தத் தொழிலாளிக்கு நேரம் இருக்கிறது? அடைப்பது சருகு, தூசி, பறவைக் கூடு. இவை மாதாமாதம் வாடகை கொடுப்பவை அல்ல. எனவே நிர்வாகம்தான் இவற்றை வெளியேற்ற வேண்டும்.

இதைவிடக் கொடிய பதில் ஒன்று இருக்கிறது: "ஏணி இருக்கிறது, நீங்களே ஏறிச் சுத்தம் செய்யுங்கள்." தோழர்களே, இந்தச் சொல்லுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். உயரத்திலிருந்து விழுந்து சாவது சிங்கப்பூர் வேலையிடங்களில் அடிக்கடி நேரும் மரணங்களில் ஒன்று. நனைந்த தகரம் வழுக்கும். உளுத்த கூரைத் தகடு காலடியில் உடையும். 2013ஆம் ஆண்டின் உயர்வேலை விதிகளின்படி, மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ நேரக்கூடிய வேலைக்கு எழுத்து அனுமதி வேண்டும், பயிற்சி வேண்டும், பாதுகாப்பு வார் வேண்டும். கைலியோடும் வெறுங்காலோடும் ஏற்றிவிடுவது சிக்கனமா? உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிக்கும் காசு அது!

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குத் தகுந்த தங்குமிடம் கொடுப்பது முதலாளியின் கடமை. 2015ஆம் ஆண்டின் விடுதிச் சட்டம், 2023 ஏப்ரல் முதல் ஏழு படுக்கையுள்ள விடுதிவரை விரிவாக்கப்பட்டிருக்கிறது. மலேசியாவில் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வீடுகளைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியின் தோளில் வைக்கிறது. சட்டப் புத்தகம் தானாக நடந்து வந்து கால்வாயைத் திறக்காது. நாம்தான் அதைத் திறந்து காட்ட வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. மழை பெய்யும்போதே கைப்பேசியில் படம் எடுங்கள், தேதியைக் குறியுங்கள். தனியாகப் போகாமல் அறைக்கு ஒருவராகச் சேர்ந்து போய், எழுத்தில் புகார் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையென்றால் சிங்கப்பூரில் மனிதவள அமைச்சுக்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கும், மலேசியாவில் தொழிற்சங்கக் கிளைக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் கொண்டு செல்லுங்கள்.

பழுதில்லாத கூரை எசமான் போடும் பிச்சையன்று. உழைத்தவன் உலர்ந்த பாயில் படுக்கக் கேட்கும் உரிமை. அடுத்த சுமத்ராக் காற்று வருமுன் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள்!