துடைத்தால் தீர்ந்ததா?

நெய்வேலியில் வாழும் நமக்கு ஒரு விதி நன்கு தெரியும். பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டியவர், பணி முடிந்ததும் குழியை நிரப்ப வேண்டும். மேல்மண்ணைப் பரப்பி, மரம் நட்டு, நிலத்தை மீட்டுத் தர வேண்டும். இவ்விதி முழுமையாக நிறைவேறுகிறதா என நாம் வழக்காடலாம். ஆனால் விதியே வேண்டாம் என்பார் எவருமிலர். அவ்வாறாயின் கடலுக்கும் கழிமுகத்துக்கும் மட்டும் வேறு நீதி ஏன்?

2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் பரவிக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைக் கருமையாக்கியது. மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலியக் கழக ஆலையிலிருந்தே அது வந்தது என மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. இம்முறையும் மீனவரின் கைகளே எண்ணெயை அள்ளின. கூழைக்கடாக்கள் எண்ணெய் படிந்த இறகுகளோடு தத்தளித்தன. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயை அரசு அறிவித்தது.

“எண்ணெயை அள்ளியாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன?” என்று கேட்போர் உளர். அவர்களுக்கே நம் மறுமொழி.

எண்ணெய் பட்ட இறகு நீரைத் தடுக்கும் ஆற்றலை இழக்கிறது. உடற்சூடு குறைகிறது. அலகால் இறகைக் கோதும் பறவை நஞ்சையும் விழுங்குகிறது. அதைப் பிடித்துக் கழுவுவது நற்செயலே. ஆனால் கழுவிய பறவையை எங்கே விடுவது? சேற்றில் எண்ணெய் ஊறியிருந்தால் நண்டும் இறாலும் இல்லை. அலையாத்திச் செடியின் வேரும் மூச்சுத் திணறும். பறவைக்கு இரையில்லாத அதே சேற்றில் மீனவனுக்கும் பிழைப்பில்லை. துடைப்பது வேறு, மீட்பது வேறு.

மீட்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1986இல் ‘அபெக்ஸ் ஹூஸ்டன்’ என்னும் கலத்திலிருந்து கசிந்த எண்ணெய், கலிபோர்னியக் கரையோரம் ஆயிரக்கணக்கான கடற்பறவைகளைக் கொன்றது. டெவில்ஸ் ஸ்லைடு என்னும் பாறையில் கூட்டமாக வாழ்ந்த மர் பறவைகள் அற்றுப்போயின. 1996இல் ஆய்வாளர்கள் அப்பாறையில் பறவைப் பொம்மைகளை நிறுத்தி, பதிவு செய்த பறவைக் குரல்களை ஒலிக்கச் செய்தனர். தம் இனம் அங்கே வாழ்கிறது என நம்பிய பறவைகள் வந்திறங்கின. அவ்வாண்டே ஆறு இணைகள் கூடமைத்தன. கசிவுக்குப் பொறுப்பானோர் வழக்கில் இசைந்து செலுத்திய தொகையே அதற்குச் செலவாயிற்று.

“அது செல்வ நாடு” என்னும் சாக்கு இங்கே செல்லாது. அதே 1996இல், வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும், கெட்டுப்போன சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் நம்மிடமே இருக்கிறது. கேட்கும் குரல்தான் குறைவு.

பிறர் பொருளைக் கெடுத்தவன் வருத்தம் தெரிவித்தால் போதாது. கெடுத்ததைத் திருத்தித் தருவதே நீதி. நிவாரணம் பசியாற்றும், கழிமுகத்தை அது திருப்பித் தராது. ஆகவே, எவ்வளவு எண்ணெய் அள்ளப்பட்டது என்று மட்டும் கேட்டு நாம் அமைதி கொள்ளலாகாது. சேறு தூய்மையாயிற்றா, இறால் திரும்பிற்றா, கூழைக்கடா இரை தேட வருகிறதா என்று ஆண்டுதோறும் கேட்போம். நிலத்துக்காக வாதிடும் நெய்வேலி மக்கள் நீருக்காகவும் வாதிடுவது கடன்.