முன்சில்லு

அரசியலை எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வரும் நண்பர்கள் இன்று என்னைப் பொறுத்தருள வேண்டும். கடந்த இரண்டு கிழமைகளாக எங்கள் வீட்டில் மாகாண சபையைப் பற்றியோ, துறைமுகத்தைப் பற்றியோ, சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றியோ எவரும் வாய் திறக்கவில்லை. பேசப்பட்டதெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளின் முன்சில்லு.

மோட்டார் சைக்கிள் என் தங்கையின் மகனுடையது. பஜாஜ் அவெஞ்சர் 220. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இந்த நாட்டில் பழைய வாகனங்கள் என்ன விலைக்குக் கைமாறின என்பதை உள்ளூர் வாசகர்கள் அறிவார்கள். அந்தக் காலத்தில்தான் அவன் தாயின் காப்பு இரண்டை விற்று இதை வாங்கினான். சாய்ந்து அமர்ந்து, காலை முன்னே நீட்டி ஓட்டுகின்ற இந்த ரக மோட்டார் சைக்கிளைச் சல்லியின் மணல் ஒழுங்கையில் எதற்காக ஓட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருபத்துமூன்று வயதில் நானும் பல காரியங்களைக் காரணமில்லாமல் செய்தவன்.

அவெஞ்சருக்கு முன்னால் 17 அங்குலச் சில்லு, பின்னால் 15 அங்குலச் சில்லு. மருமகனுக்கு முன்பக்கம் போதவில்லை. அமெரிக்கப் படங்களில் வருவதுபோல முன்சில்லு உயர்ந்து மெலிந்து நிற்க வேண்டுமாம். 1969இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ படத்திலிருந்து உலகம் முழுவதும் பரவிய ஆசை இது. அந்தப் படத்தில் பீற்றர் ஃபொண்டா ஓட்டிய வண்டிக்கு முன்னால் பிறேக்கே இல்லை என்பதைச் சொன்னேன். அவன் சிரித்தான். நகரத்துக் கராஜ் ஒன்றில் கொடுத்து, வேறொரு மோட்டார் சைக்கிளின் 19 அங்குலச் சில்லைப் பூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மாலை வாசலில் வந்து நின்றான். "மாமா, ஒருக்கா ஓடிப் பாருங்கோ" என்றான்.

பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

ஓடிப் பார்த்தேன். ஒழுங்கையில் மெதுவாகத் திருப்பியபோது ஹாண்டில் தானாகவே உள்ளே விழப் பார்த்தது. கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நிலாவெளி வீதிக்கு ஏறி வேகம் பிடித்ததும் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல நேராகச் சென்றது. நல்லது என்று நினைத்தேன். சாம்பல்தீவுப் பக்கம் ஒரு மாடு நிதானமாக வீதியைக் கடந்தது. நான் விலக எண்ணிய கணத்துக்கும் வண்டி விலகிய கணத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது. பிறேக்கை அழுத்தியதும் முன்பக்கம் அமிழ்ந்து, ரயர் எதிலோ உரசும் சத்தம் கேட்டது. மாடு தப்பியது, நானும் தப்பினேன். வீடு திரும்பும் வரை இருபது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டவில்லை.

நான் கலைப் பட்டதாரி. இயந்திரங்களைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. முப்பது ஆண்டுகளாக விபத்துச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்திருக்கிறேன். ‘வேகக் கட்டுப்பாட்டை இழந்து’ என்ற அந்த மூன்று சொற்களை எத்தனை இளைஞர்களின் பெயர்களுக்குப் பின்னால் போட்டிருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. அந்தச் சொற்கள் எதை விளக்கின என்று அன்று மாலைதான் முதன்முதலாக யோசித்தேன். அதன் பிறகு வாசித்ததும், பழைய மெக்கானிக் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்ததும்தான் கீழே வருபவை.

காரியாலயத்துச் சுழல் நாற்காலியின் கீழுள்ள சிறு சில்லைப் பாருங்கள். அது தாங்கி நிற்கும் அச்சுக்கு நேர் கீழே இராது, சற்றுப் பின்தங்கியே இருக்கும். அதனால்தான் தள்ளும் திசைக்கு அது தானே திரும்பிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளின் முன்பக்கமும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஹாண்டில் திரும்பும் அச்சை ஒரு கோடாகக் கீழே நீட்டினால், ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது நிலத்தில் முட்டும். அந்த இடைத்தூரம்தான் வண்டியை நேராக வைத்திருக்கிறது. கூடினால் வேகத்தில் நேராகப் போகும், ஆனால் திருப்பச் சோம்பும். மெதுவாகப் போகும்போது ஹாண்டில் உள்ளே விழும். குறைந்தால் சட்டென்று திரும்பும், ஆனால் வேகத்தில் நடுங்கும்.

17க்குப் பதில் 19 அங்குலச் சில்லைப் பூட்டினால், ரயரின் அளவு மாறாவிட்டாலும், முன்பக்கம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் உயர்கிறது. இவ்வளவு நீளமான வண்டியில் அது முன் ஃபோர்க்கை ஏறத்தாழ ஒரு பாகை கூடுதலாகப் பின்னே சாய்க்கிறது. ஃபோர்க் 30 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், நான் சொன்ன அந்த இடைத்தூரம் 20 மில்லிமீற்றர் அளவில் கூடிவிடுகிறது. கேட்பதற்கு அற்பமான அளவு. மொத்தத் தூரமே பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர்தான் என்பதை நினைவில் கொண்டால் அற்பமில்லை. மாடு குறுக்கிட்டபோது நான் உணர்ந்த தாமதத்தின் பெரும்பங்கு இதுதான். பெரிய சில்லின் பாரமும் சுழற்சியும் மீதிப் பங்கு.

இத்துடன் முடியவில்லை. 90/90 ரயர் பூட்டிய 17 அங்குலச் சில்லின் முழு விட்டம் 594 மில்லிமீற்றர்; அதே ரயருடன் 19 அங்குலம் 645 மில்லிமீற்றர். முன்சில்லிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியில் மானி 60 காட்டும்போது உண்மையில் 65இல் போய்க்கொண்டிருப்பீர்கள். முன்சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியென்றால், அதன் கணக்கும் பழைய சில்லுக்கென்றே எழுதப்பட்டது. அச்சுக் கம்பியின் தடிப்பு ஒவ்வாவிட்டால் லேத்தில் கடைந்த புஷ் ஒன்றைச் செருகுவார்கள். பிறேக் டிஸ்க் கலிப்பருக்கு நடுவில் வராவிட்டால் வாஷர் வைப்பார்கள். எல்லாவற்றிலும் மோசமானது நான் கேட்ட அந்த உரசல். ஃபோர்க் முழுமையாக அமிழும்போது ரயர் மட்கார்டிலோ அதற்கு மேலுள்ள இரும்பிலோ முட்டினால் சில்லு நின்றுவிடும். சில்லு நின்றால் ஓட்டுபவர் நிற்க மாட்டார்.

"கொம்பனியே சில்லை மாத்துதுதானே மாமா" என்றான் மருமகன். உண்மை. சென்னையின் ரோயல் என்ஃபீல்ட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட மீற்றியர் 350க்கு முன்னால் 19 அங்குலச் சில்லு. ஏறத்தாழ அதே எஞ்சினைக் கொண்டு 2022இல் வெளியிட்ட ஹன்டர் 350க்கு 17 அங்குலம். ஆனால் அவர்கள் சில்லை மட்டும் கழற்றி மாட்டவில்லை. இரு சில்லுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை 1400இலிருந்து 1370 மில்லிமீற்றராகக் குறைத்தார்கள், ஃபோர்க்கின் சாய்வை மாற்றினார்கள், அமரும் நிலையையும் மாற்றினார்கள். வேறு வண்டியாகவே செய்து, வேறு பெயரையும் வைத்தார்கள். அமெரிக்காவில் ஹார்லிகளுக்கு 26, 30 அங்குலச் சில்லுப் பூட்டுகிற கைதேர்ந்தவர்களும் சட்டகத்தின் கழுத்தை அறுத்து, வேறு சாய்வில் ஒட்டிய பிறகே பூட்டுகிறார்கள்.

மாற்றமே கூடாது என்று சொல்பவன் நானல்லன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை நாங்கள். இல்லாமையிலிருந்து வந்த வித்தை அது, அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அன்று எஞ்சின் இருமி நின்றால் இறங்கித் தள்ளினோம். முன்சில்லு பிழைத்தால் இறங்க அவகாசமில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்ற பெயரில் பொலிஸார் பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் கழற்றச் சொன்னார்கள். நாடே அதைப் பற்றி விவாதித்தது. இந்தியாவில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இரண்டிலும் எனக்கு ஒரு குறை உண்டு. வீதியில் நிற்கும் பொலிஸ்காரரின் கண்ணுக்கு மின்னும் விளக்குத் தெரியும், லேத்தில் கடைந்த புஷ் தெரியாது. எங்கள் பதிவுச் சான்றிதழில் ரயர் அளவுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதை வண்டியோடு ஒப்பிட்டு எவரும் பார்த்து நான் கண்டதில்லை. ஜேர்மனியில் வாழும் நம்மவர்கள் இந்த மாதிரி வேலை செய்தால், தகுதி பெற்ற பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டி, பத்திரத்தில் பதிந்த பிறகே வீதிக்கு இறக்க வேண்டும். சரியாகச் செய்தவனுக்கு அங்கே அனுமதி கிடைக்கிறது, பிழையாகச் செய்தவன் பரிசோதனையிலேயே பிடிபடுகிறான். அப்படியொரு பரிசோதனைக் கூடம் திருகோணமலையில் இருந்தால், என் மருமகன் கராஜ்காரரின் ‘பயமில்லை தம்பி’யை நம்பிப் புறப்பட்டிருக்க மாட்டான். முற்றாகத் தடை செய்வது இலகு. தடை செய்யப்பட்ட வேலை ஷட்டரை இறக்கிவிட்டு நடக்கும், அவ்வளவுதான்.

காப்புறுதி பற்றி ஒரு வரி: பத்திரத்தில் இல்லாத சில்லோடு விபத்தில் சிக்குபவர் நட்டஈடு கேட்டு நிற்கும்போது எதிர்ப்பக்கத்துக்குத் தானே ஒரு வாதத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

மருமகனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். தங்கை, "நீங்களேன் அண்ணா அவன்ர ஆசையக் கெடுக்கிறீங்கள்" என்று என்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபோர்க்கின் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, வண்டியை முழுமையாக அமிழ்த்திக் காட்டும்படி பழைய மெக்கானிக்கைக் கேட்டுக்கொண்டேன். ரயர் எங்கே முட்டுகிறது என்பதை அவன் குனிந்து நின்று பார்த்தான். விரலை விட்டுப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் பழைய சில்லைத் திரும்பப் பூட்டலாம் என்று ஒப்புக்கொண்டான். ஆனால் அந்தச் சில்லை, ரயரோடு சேர்த்து, உப்புவெளிப் பொடியன் ஒருவனுக்கு ஏற்கெனவே விற்றுவிட்டானாம். வாங்கியவன் இப்போது இரட்டிப்பு விலை கேட்கிறான். எனது ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து பாதியை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பேரம் நடந்துகொண்டிருக்கிறது. அவெஞ்சர் எங்கள் விறாந்தையில், முன்பக்கம் இரண்டு செங்கல்லின் மேல் நிற்கிறது.